கடைசியாக அடைந்த சேவல்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், மலைகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலத்தில், கருங்கல்பட்டணம் என்று ஒரு ஊர் இருந்தது. ஊரைச் சுற்றிக் கோட்டை. கோட்டைக்கு ஒரே ஒரு வாசல். வாசலுக்கு ஏழு காவலர்கள். அந்த ஏழு பேருக்கும் தலைவன் வேலாண்டி.

பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும், சாத்திய கதவைத் தன் மாமியாரே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது என்பது ராஜாவின் கட்டளை. மாமியார் மேல் ராஜாவுக்கு என்ன கோபமோ, அது நமக்கு வேண்டாம்.

ஒரு பௌர்ணமியன்று கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில், மழையில் தொப்பலாக நனைந்தபடி ஒருத்தி வந்து தட்டினாள். ஒரு ஓரமாக ஒதுங்கிவிட்டு விடிந்ததும் போய்விடுகிறேன் என்றாள். மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் முடியாது என்றார்கள். வந்தவள் மந்திரக்காரி என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“பொழுது சாயும்போது உள்ளே போக முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று நீங்களும் பாருங்கள்” என்று சொல்லி, ஒரு பிடி மண்ணை மதிலுக்கு மேலே வீசினாள். மண் விழுந்ததும் ஆறு காவலர்கள் ஆறு பெட்டைக் கோழிகளானார்கள். வேலாண்டி சேவலானான்.

மந்திரம் போட்டவள் அதை முறிக்கும் வழியையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுத்த அமாவாசைக்குள், தொடர்ந்து மூன்று சாயங்காலம், ஏழும் தாமாகவே ஒரே கூட்டுக்குள் போய் அடைய வேண்டும். பிடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. ஒன்று வெளியே நின்றாலும் அன்றைய பொழுது வீண். அமாவாசை தாண்டினால் ஆயுசுக்கும் கோழிதான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவள், புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அழகுநாச்சி. வேலாண்டியின் மனைவி.

விஷயம் தெரிந்ததும் ராஜா கட்டளையை மாற்றிவிட்டார். கோழியாக அவருக்கு விருப்பமில்லை.

மறுநாள் ஏழு மனைவிமாரும் சேர்ந்து வாசலருகே நல்ல மரக்கூடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். கோழிகளோ பொழுது சாய்ந்ததும் பக்கத்துப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. தாங்கள் ஒரு காலத்தில் மனிதர்கள் என்ற நினைப்பே அவற்றுக்கு இல்லை. அதில் ஒன்று நாலாம் நாள் முட்டை வேறு இட்டது. அந்த முட்டையை என்ன செய்வது என்று ஏழு பெண்களுக்கும் தெரியவில்லை. துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்தார்கள்.

அழகுநாச்சி கூட்டுக்குள் கம்பு இறைத்தாள். கோழிகள் உள்ளே போயின, தின்றன, அலகைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மரத்தில் ஏறின.

கூட்டுக்குள் இருட்டாக இருப்பதால் பயப்படுகின்றன என்று நினைத்தாள். ஓட்டை போட்ட சட்டிக்குள் அகல் ஏற்றி உள்ளே வைத்தாள். கோழிகள் உள்ளே போயின, சுற்றிப் பார்த்தன, திரும்பி வந்து மரத்தில் ஏறின. அன்று மரநாய் வந்துவிட்டது. ஏழு பெண்களில் ஒருத்தியான பேச்சியம்மையின் புருஷனுக்கு உயிர் தப்பியது, வால் தப்பவில்லை. ஏழு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

விடிந்ததும் அழகுநாச்சி புளியமரத்தை அண்ணாந்து பார்த்தாள். கோழி தரையில் படுக்காது, உயரத்தில் எதையாவது காலால் பற்றிக்கொண்டுதான் தூங்கும். இது தெரியாமல் பாய் விரித்தாற்போல வைக்கோலைப் பரப்பி வைத்திருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டை நாலு கல் மேல் தூக்கி வைத்து, ஏறிப்போகச் சாய்வாகப் பலகை போட்டு, உள்ளே உயரத்தில் குறுக்காக ஒரு கழியைக் கட்டினாள். சாயங்காலம் ஆறு பெட்டைகளும் உள்ளே போய், நீ தள்ளு நான் தள்ளு என்று சண்டை போட்டு, வரிசையாகக் கழியில் உட்கார்ந்துவிட்டன.

சேவல் மட்டும் வெளியே நின்றது.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. அமாவாசையோடு சேர்த்து இன்னும் மூன்றே சாயங்காலம் பாக்கி. பேச்சியம்மை ஒரு பெரிய கூடையோடு வந்துவிட்டாள்.

“ஒம் புருஷன் ஒருத்தனால எங்க புருஷனுங்க ஆறு பேரும் கோழியாவே கெடக்கணுமா அக்கா? கவுத்துப் பிடிச்சு உள்ள தள்ளிட்டா ஆச்சு.”

“கை பட்டா இன்னைக்குப் பொழுதும் போச்சு, பேச்சி. அப்புறம் நமக்கு நாளே இல்ல. பொறு.”

பேச்சியம்மை பொறுத்தாள். அழகுநாச்சி சேவலையே பார்த்தாள். அது மரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டு வாசலுக்கும் பெண்கள் நின்ற இடத்துக்கும் நடந்துகொண்டிருந்தது. அந்த நடை அவளுக்குத் தெரிந்த நடை. கோட்டை வாசலில் வேலாண்டி அப்படித்தான் நடப்பான். மாடு மேய்த்தவர்கள் வந்தாயிற்றா, விறகுக்குப் போனவர்கள் வந்தாயிற்றா என்று பார்த்து, எல்லோரும் உள்ளே போன பிறகுதான் அவன் உள்ளே வருவான். சோறு ஆறிப்போகிறது என்று அவள் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறாள்.

மற்ற ஆறு பேரையும் வீட்டுக்குள் போகச் சொன்னாள். மனசில்லாமல் போனார்கள். சேவல் அப்போதும் நின்றது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

“எனக்காகவா நிக்கிறீங்க?” என்றாள்.

அழகுநாச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, தவழ்ந்து கூட்டுக்குள் போனாள். முழங்கால் முகவாயில் இடித்தது. மேலே ஆறு கோழிகள். கோழி மேலே உட்கார்ந்தால் கீழே இருப்பவருக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. போதாததற்குக் கோழிப்பேன் வேறு. கொஞ்ச நேரத்தில் சேவல் வாசலுக்கு வந்தது. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் பார்த்தது, உள்ளே வந்து கழியில் ஏறியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சோறு ஆறியதற்காகப் போட்ட சண்டை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து சுட்டது.

மறுநாளும் அவள் தவழ்ந்து உள்ளே போனாள்; சேவல் கடைசியாக வந்தது. மூன்றாம் நாளும் போனாள். அது அமாவாசை. சேவல் வந்து கழியில் ஏறியதுதான் தாமதம், கூடு கிடுகிடுவென்று ஆடியது. ஒரு கோழிக் கழியின் மேல் ஏழு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அது தாங்குமா? கழி முறிந்தது, பலகை தெறித்தது, ஏழு பேரும் அழகுநாச்சியின் மேல் விழுந்தார்கள். அடியில் கிடந்தவளை முதலில் இழுத்துத் தூக்கியவன் வேலாண்டி.

ராஜா அவளைக் கூப்பிட்டு, என்ன வேண்டுமானாலும் கேள் என்றார். மாளிகை கேட்பாள் என்று பேச்சியம்மை நினைத்தாள். தோட்டம் கேட்பாள் என்று மந்திரி நினைத்தார்.

“எங்க வீட்டு வாசல்ல ஒரு ஆள்தான் போக முடியும், மகாராஜா. ரெண்டு பேர் சேர்ந்து போற மாதிரி அகலமா வெச்சுக் குடுங்க.”

அரண்மனைத் தச்சர்கள் மூன்றே நாளில் வைத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகு வேலாண்டி ஊர் முழுக்க உள்ளே வந்தாயிற்றா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது, அழகுநாச்சி வாசலுக்கு வெளியே நிற்பாள். இரண்டு பேரும் ஒன்றாகக் காலெடுத்து வைத்து உள்ளே போவார்கள்.

கதையும் உள்ளே போய்விட்டது. நீங்களும் எழுந்து உள்ளே போங்கள், சோறு ஆறுகிறது.