அரசன் அறுத்த தூண்

முன்னொரு காலத்தில் கூடற்பாறை நாட்டை வீரகனகன் என்றோர் அரசன் ஆண்டான். கெட்டவன் அல்ல. ஆனால் யாராவது புகழ்ந்தால் போதும், புத்தியைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்துவிடுவான்.

ஒருநாள் அரசியின் அறைக்கதவு கீச்சிட்டது. அரசன் தானே போய்க் கீலுக்கு எண்ணெய் விட்டான். சத்தம் நின்றது. "விசுவகர்மாவே இறங்கி வந்தாற்போல!" என்றார் அரண்மனைக் காரியக்காரர் தாண்டவராயர். அடுத்து, ஆடிய கட்டில்காலுக்கு ஆப்பு வைத்தான். ஆட்டமும் நின்றது. அன்று பிடித்தது சனி.

கொலுமண்டபத்தின் நடுவே, உத்தரத்தைத் தாங்கி ஒரு மரத்தூண் நின்றது. நாட்டியம் பார்க்கும்போது அது கண்ணை மறைக்கிறது, நானே அறுத்துவிடுகிறேன் என்றான் அரசன்.

"கொத்தன் கருப்பண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே" என்றாள் அரசி.

தாண்டவராயருக்கு அந்தப் பெயரே ஆகாது. அரண்மனையில் எங்கே ஒழுகினாலும் எல்லோரும் கருப்பண்ணனைத்தான் தேடுவார்கள். காரியக்காரரைத் தேட ஆள் இல்லை. "மரம் அறுக்க ஒரு கொத்தனா? பிரபு வைத்த ஆப்பு இன்றுவரை அசைந்ததா?" என்றார்.

அரசன் ரம்பம் பிடித்தான். தூண் போயிற்று. நாலாம் நாள், உத்தரம் உட்கார்ந்திருந்த சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல். தாண்டவராயர் அதன்மேல் சுண்ணாம்பு பூசினார். மறுபடி விரிந்தது. மறுபடி பூசினார்.

விஷயம் கேட்டுக் கருப்பண்ணன் ஓடிவந்தான். "மகாராஜா, தூண் சுமந்த பாரமெல்லாம் இப்போ சுவர் தலையில. சுவர் சாயுது. இன்னைக்கே முட்டுக் கொடுக்கணும். வெள்ளிக்கிழமை விருந்தை இங்கே வைக்காதீங்க, முந்நூறு பேர் உட்காருவாங்க."

"அரசர் கைபட்ட மண்டபத்தைப் பழிக்கிறானே இவன்!" என்றார் தாண்டவராயர்.

அரசனுக்கு முகம் சிவந்தது. "விருந்துக்கு முன்னால் இவன் வலக்கைக் கட்டைவிரலை வெட்டுங்கள்! அதுவரை இருட்டறையில் அடையுங்கள்!"

கட்டைவிரல் போனால் கொத்தன் கையில் கரண்டி நிற்குமா? ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிக்க அரசனுக்கு ஆன நேரம் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான். அவையில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் செவ்வாய் காலை கருப்பண்ணன் மனைவி வேலாத்தாள் அவைக்கு வந்தாள். சுண்ணாம்பு அரைத்து அரைத்து வெந்த கைகள். அவள் கும்பிடவில்லை.

"என் புருஷன் பொய் சொன்னான்னா அவன் விரலோடு என் விரலையும் எடுத்துக்கங்க. ஆனா சுவரை விசாரிக்காம அவனை வெட்டக் கூடாது."

"சுவரை விசாரிப்பதா! வாய் இருக்கிறதா அதற்கு?" என்று சிரித்தார் தாண்டவராயர்.

"உங்களுக்கு இருக்கே, அதனால என்ன பிரயோசனம்?"

அரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எப்படி விசாரிப்பாய்?"

"மகாராஜா முத்திரை மோதிரத்தைக் கொடுங்க."

ஒரே கலயத்தில் சுண்ணாம்பைக் குழைத்தாள். அப்பளம் போல மெல்லிய இரண்டு வில்லை தட்டினாள். ஒன்றை விரிசலின் குறுக்கே ஒட்டினாள். மற்றதை மடைப்பள்ளியின் நல்ல சுவரில் ஒட்டினாள். இரண்டிலும் அரசனின் சிங்க முத்திரையைப் பதித்தாள்.

"சுவர் சும்மா இருந்தா முத்திரையும் சும்மா இருக்கும். காவலுக்குக் காரியக்காரர் ஆளுங்களே நிக்கட்டும். இந்த நாட்டில் அரச முத்திரையை உடைச்சவனுக்கு என்ன தண்டனை, மகாராஜா?"

"கட்டைவிரல் போகும். யாராயிருந்தாலும்!" என்றான் அரசன்.

"அவை கேட்டுக்கிட்டது" என்றாள் வேலாத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவை மண்டபத்தில் கூடியது. விரிசலின் மேல் இருந்த சிங்கம் நெற்றி முதல் தாடை வரை இரண்டாகப் பிளந்திருந்தது.

"யார் உடைத்தது?" என்று அரசன் கர்ஜித்தான்.

"பச்சைச் சுண்ணாம்பு, காய்ந்து தானே வெடித்திருக்கும்" என்றார் தாண்டவராயர்.

"மடைப்பள்ளிச் சுவரில் இருக்கிறதும் அதே கலயத்துச் சுண்ணாம்புதான். போய்ப் பாருங்க" என்றாள் வேலாத்தாள். காவலன் ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். அங்கே சிங்கம் முழுசாக இருந்தது.

"சுவர் திடமாகத்தான் இருக்கிறது பிரபு! இவள் ஏதோ..."

"அப்போ விருந்தில் முதல் இலை உங்களுக்கு. உத்தரத்துக்கு நேர் கீழே உட்காருங்க. ரசம் வரைக்கும் நிதானமாச் சாப்பிடுங்க." வேலாத்தாள் தானே ஒரு வாழை இலையைக் கொண்டுவந்து விரித்தாள்.

தாண்டவராயர் இலையைப் பார்த்தார். மேலே பார்த்தார். "எனக்கு இன்று விரதம்" என்றார். சொல்லிக்கொண்டே அவர் கால்கள் வாசல் பக்கம் நகர்ந்தன. அவை சிரித்தது. வேலாத்தாள் சிரிக்கவில்லை.

"முத்திரையை உடைச்சது சுவர். சுவரைத் தள்ளினது உத்தரம். உத்தரத்தை அந்தரத்தில் விட்டவர், தூணை அறுத்தவர். சுவருக்கும் உத்தரத்துக்கும் கட்டைவிரல் இல்லை, மகாராஜா."

அரசன் தன் வலக்கையைப் பார்த்தான். கட்டைவிரலை மெல்ல உள்ளே மடித்துக்கொண்டான். நாலு நாளாக இருட்டறையில் ஒருவன் இப்படித்தான் மடித்து வைத்திருப்பான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எல்லாரும் வெளியே போங்கள். கருப்பண்ணனை விடுவியுங்கள்" என்றான். "கட்டைவிரல் சட்டம் இன்றோடு ஒழிந்தது. தாண்டவராயரே, மண்டபம் நிமிரும் வரை கருப்பண்ணனுக்குச் சித்தாள் நீர்."

பொற்காசுத் தட்டு வந்தது. வேலாத்தாள் எடுத்துக்கொண்டாள்; நாலு நாள் கூலி போயிருந்ததே. ஆனால் முகம் இளகவில்லை.

"எதை நானே செய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்? அதையாவது சொல்லிவிட்டுப் போ" என்றான் அரசன்.

"பிசகினா உங்க கால்மேல மட்டும் விழும்னா நீங்களே செய்யுங்க. அடுத்தவன் தலையில விழும்னா, தெரிஞ்சவனைக் கூப்பிடுங்க. கூப்பிட்டா, அவன் சொல்றதைக் கேளுங்க. கேட்கப் பிடிக்கலைன்னா அவன் விரல் மேல கோபத்தைக் காட்டாதீங்க."

புதுத் தூண் நிற்க இரண்டு மாதமாயிற்று. தாண்டவராயர் தலையில் சும்மாட்டோடு, "மேஸ்திரி, இந்தக் கலவை எங்கே?" என்று தினம் கேட்டார். பிளந்த சிங்கத்தை மட்டும் பூசி மறைக்க வேலாத்தாள் விடவில்லை. அதன்பின் எப்போதாவது அரசன் ரம்பத்தைத் தேடினால் அரசி ஒன்றும் சொல்லமாட்டாள். அந்தச் சுவர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அரசன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய்விடுவானாம்.