பிரேயரில் வாசித்த பெயர்

"வாயைத் தொறக்கவே மாட்டேங்கா டாக்டர்," என்றார் தங்கையா.

தங்கையா சுனைப்பட்டி நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். வயது ஐம்பத்தேழு. எதிரே ஆய்வக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டாக்டர் நூர்ஜஹானுக்கு முப்பத்திரண்டு. வயதை வைத்துப் பார்த்தால் தங்கையாதான் குரு. ஆனால் கேள்வியைச் சுமந்துகொண்டு மூன்று பஸ் மாறி வந்தவரும் அவர்தான். எனவே இந்தக் கதையில் அவர் சீடர்.

"யாரு சார்?"

"முத்தரசி. அஞ்சாம் கிளாஸ்."

டாக்டருக்கு அந்தப் பெயர் நன்றாக நினைவிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன் அதே வகுப்பில் கோமு என்ற பெண் டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பானில் இறந்துபோனாள். டாக்டர் ஆட்களோடு போய், பள்ளியில் இருந்த நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளின் தொண்டையிலும் பஞ்சு வைத்த குச்சியால் துடைத்து எடுத்து வந்தார். மூன்று பேருக்குக் கிருமி இருந்தது. மூன்று பேருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அதில் ஒருவன் அன்று காலையில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவன்.

முடிவை ஒரு கவரில் போட்டு ஒட்டி, தங்கையாவின் கையில் கொடுத்தார் டாக்டர்.

தங்கையாவின் பள்ளியில் எது வந்தாலும் பிரேயரில் வாசிப்பார்கள். மார்க்கு, பரிசு, நகம் வெட்டாதவர்கள் பட்டியல் எல்லாமே அங்கேதான். இதையும் வாசித்தார். கிருமி இல்லாதவர்களுக்குக் கைதட்டச் சொன்னார். பிறகு அந்த மூன்று பெயர்கள்.

அவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அதனால்தான் என்னால் அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

மற்ற இரண்டு பேரும் எட்டாம் வகுப்புப் பையன்கள். நாலு நாளில் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள். முத்தரசி அப்படி இல்லை. அவள் கோமுவின் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒரே டப்பாவில் சாப்பிட்டவள்.

"மாத்திரை முடிஞ்சு ரெண்டு தடவை பார்த்தாச்சே சார். கிருமி போயிருச்சே."

"போயிருச்சு. ஆனா இருபத்தாறு நாளா ஒரு வார்த்தை பேசல. குச்சி வச்சா வாயைத் தொறக்கா. மாத்திரை குடுத்தாத் தொறக்கா. பேசத் தொறக்க மாட்டேங்கா. வீட்டுலயும் அப்படித்தானாம். தனி டம்ளர்ல தண்ணி குடிச்சிட்டு, அதை அவளே தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுதாளாம்."

"அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?"

"திங்கக்கெழமை டி.சி. வாங்க வாராரு அவ அப்பா. படிப்பே வேண்டாங்காரு. வகுப்புல முதல் பிள்ளை, டாக்டர். அவளை எப்படி வாயைத் தொறக்க வைக்க? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

டாக்டர் எழுந்து கையுறை மாட்டிக்கொண்டார். புதுக் குச்சி ஒன்றை உறையிலிருந்து உருவினார்.

"நீங்க தொறங்க."

"நானா?"

"ஆ சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லையே. நல்லா இருக்கேன்."

"அவளும் நல்லாத்தான் சார் இருந்தா."

தங்கையா வாயைத் திறந்தார். குச்சி உள்நாக்குக்குப் பின்னால் போனதும் குமட்டி, கண்ணில் நீர் வந்துவிட்டது. நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இது நடந்தபோது அவர் வாசலில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று வரிசையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க ஸ்டாஃபுக்கும் எடுக்கணும்னு சொன்னேன்," என்றார் டாக்டர். "நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லைன்னு சொன்னேன்."

"நானும் பெட்டியை மூடிட்டேன். அது என் தப்பு."

குச்சியைக் குழாயில் போட்டு மூடினார்.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையா மறுபடி வந்தார். டாக்டர் ஒட்டிய கவர் ஒன்றை நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு?"

"உங்க கவர். நீங்களே பிரிங்க."

பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

அதே கிருமி.

காகிதத்தை மடித்துக் கவருக்குள் போட்டார். பிறகு, "கோமுவுக்கு என்கிட்டயிருந்துதான் போச்சா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"முத்தரசிகிட்டயிருந்தா?"

"தெரியாது சார். யார்கிட்டயிருந்து யாருக்குப் போச்சுன்னு இந்தக் காகிதத்துல இல்லை. அந்தக் காகிதத்துலயும் இல்லை."

கோமு அவரிடம் கணக்கு நோட்டைக் காட்ட மேசைக்கு வந்து, முகத்துக்கு நேரே நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பாள். தப்பு வந்தால் அவரும் கூடவே சேர்ந்து சொல்வார். அத்தனை கிட்டத்தில். அதை நினைத்ததும் டாக்டரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"நாளைக்குப் பிரேயர்ல என் பேரை வாசிச்சிருதேன் டாக்டர்."

"நாளைக்கு நீங்க ஸ்கூலுக்கே போகக் கூடாது. பதினாலு நாள் மாத்திரை. மறுபடி பார்த்துட்டுத்தான். மாஸ்க் இல்லாம யார் பக்கத்துலயும் நிக்காதீங்க."

"முடிஞ்ச பிறகு வாசிக்கேன்."

"உங்க பேரை வாசிச்சா அவ பேரு அழிஞ்சிருமா?"



"பின்ன இதை நான் என்ன செய்ய?" என்றார் தங்கையா, கவரைப் பிடித்தபடி.

"அன்னிக்கு நான் கொடுத்த கவரை ஒட்டித்தானே கொடுத்தேன்?"

"ஆமா."

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதி அவரிடம் கொடுத்தார். அடுத்த குழாயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் உபதேசம்.

தங்கையா வீட்டுக்குப் போகவில்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நேராக முத்தரசியின் தெருவுக்குப் போனார். முள்வேலிக்கு இந்தப் பக்கமே, தள்ளி நின்றார்.

அவள் அப்பா வெளியே வந்தார். "நாளைக்குத்தான சார் வாரேன்னு சொன்னேன். நீங்க எதுக்கு வெயில்ல அலையுதீங்க? உள்ள வாங்க."

"இங்கயே நிக்கேன். பிள்ளையைக் கூப்பிடுங்க."

முத்தரசி வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் கழுவிய டம்ளர். மறு கை வாய்மேல். இப்போதெல்லாம் அந்தக் கை அங்கேயேதான் இருக்கிறது.

வருகிற வழியெல்லாம் தங்கையா என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. முப்பத்து நாலு வருஷம் வகுப்பெடுத்த மனிதர்.

"முத்தரசி," என்றார். "உன் தொண்டையில இருந்தது என் தொண்டையிலயும் இருக்கு. எனக்கும் ஒண்ணும் செய்யல. எனக்கும் தெரியல. இப்பத்தான் பார்த்தாங்க."

அவள் அப்பா சட்டென்று இரண்டடி பின்னால் போனார். போன பிறகுதான் மகள் பார்க்கிறாள் என்று தெரிந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

"உன் பேரை நான் வாசிச்சிருக்கக் கூடாது. தப்பு பண்ணிட்டேன்மா."

முத்தரசி அப்பாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்தாள். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு வேலிவரைக்கும் நடந்து வந்தாள்.

தங்கையா பதறி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்.

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள். இருபத்தெட்டு நாள் பேசாத தொண்டை. குரல் கரகரவென்று வந்தது.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க சார்," என்றாள். "அப்புறம் உங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க."