பவளக்கொடி கை வைத்த இன்ஜின்

காரவள்ளியில் தையல்கடை வைத்திருக்கும் பவளக்கொடி, பதினைந்து வருஷம் ஓடிய பெரிய கார் ஒன்றை வாங்கினாள். கொல்லிமலை ஏறினாலே அதன் இன்ஜின் கொதித்தது. பட்டறை முதலாளி தெய்வசிகாமணி பானட்டைத் திறக்காமலே, "இன்ஜினை இறக்கணும்" என்றார்.

அவள் இறக்கவில்லை. ரேடியேட்டர் குழாயில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்தாள். துணி அளக்கும் டேப்பால் அளந்து, அதே அளவில் புதுக் குழாய் வாங்கித் தானே மாட்டினாள்.

டீக்கடையில் எல்லாரும் கேட்கும்படி தெய்வசிகாமணி சொன்னார்: "எங்க காலத்துல பொம்பளைங்க பானட்டைத் தொட மாட்டாங்க. எழுபது வளைவையும் நிக்காம ஏறிக் காட்டு. என் பட்டறை போர்டுல உன் பேரை எழுதுறேன்."

"பவளக்கொடிங்க. நடுவுல 'க்' வரும்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அவரும் தன் காரில் பின்னாலேயே வந்தார். எழுபது வளைவிலும் அவள் நிற்கவில்லை; சூடு காட்டும் முள்ளும் பாதியைத் தாண்டவில்லை. மேலே வந்து இறங்கியவர், "எங்க காலத்துல..." என்று மறுபடி ஆரம்பித்தார்.

"அந்தக் காலம் மலையேறிடுச்சுங்க," என்றாள். "இப்ப என் வண்டியும் ஏறிடுச்சு."

மறுநாள் போர்டில் அவள் பேர் இருந்தது, 'க்' இல்லாமல். தையல் சாக்பீஸை எடுத்து அதையும் அவளே சரிசெய்தாள்.