இந்த வருஷம் தென்கரை முறை

ஆற்றங்கரையில் ஐந்து நாடுகள் இருந்தன. நாடு என்றதும் கோட்டை, கொத்தளம், யானைப்படை என்று எங்கோ போய்விட வேண்டாம். காலையில் பழையது சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தால் சாயங்காலம் அடுத்த நாட்டில் இருக்கலாம். அவ்வளவுதான் நாடு.

வருஷா வருஷம் ஆடியில், நடவுக்கு முன்னால், ஐந்து நாட்டாருக்கும் பாட்டுப் போட்டி நடக்கும். ஒரு நாட்டார் பாடினால் மற்ற நான்கு நாட்டாரும் தீர்ப்புச் சொல்வார்கள். ஜெயித்த பாட்டைத்தான் அந்த வருஷம் முழுக்க ஐந்து நாட்டு வயலிலும் பாடி நாற்று நடுவார்கள். ஜெயித்தவருக்கு அவர் நாட்டுப் பூவில் ஒரு மாலை. வேறு பரிசு கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது.

தென்கரை நாட்டு உமையாள் இந்த வருஷம் போட்டிக்குத் தலைவி. பாடப் போகிறவளும் அவளே. ஐம்பதை நெருங்குகிறவள். நல்ல குரல், அதைவிட நல்ல கோபம். அன்று காலை அவள் மடத்துக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது.

குரு நாகலிங்கச்சாமி கிணற்றடியில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் அவளைவிட வயதில் இளையவர். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான்.

“சாமி, உப்புத்தீவுக்காரங்க நம்ம போட்டிக்கு வரணுமாம். ஆள் அனுப்பியிருக்காங்க.”

“தெரியும் அக்கா. அவர் இங்கதான் தங்கியிருக்கார். கொல்லையில குளிச்சுக்கிட்டிருக்கார்.”

“மத்தியானம் படகு ஏறிடுவாராம். அதுக்குள்ள பதில் சொல்லியாகணும். வெளிநாட்டுக்காரங்க நம்ம போட்டியில சேரலாமா, கூடாதா? நீங்க சொல்லுங்க.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“கூடாது.”

“சரி.”

குரு அடுத்த காயை எடுத்துக் கிள்ளினார். சண்டைக்குத் தயாராக வந்தவளிடம் சரி என்று சொல்லிவிட்டால், அவள் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? உமையாள் விடவில்லை.

“அவங்களுக்கு வயலே கிடையாது சாமி. உப்புப் பாத்தியும் மீன் வலையும்தான். நாத்துன்னா பச்சையா செவப்பான்னு கேப்பாங்க. அவங்களுக்கு எதுக்கு நடவுப் பாட்டு?”

“நியாயம்தான்.”

“பேச்சும் வேற மாதிரி. நாளைக்கு அவங்க ஜெயிச்சுட்டா, நம்ம பொம்பளைங்க வருஷம் பூரா உப்புக்காரன் பாட்டைப் பாடிக்கிட்டா நடணும்?”

குரு யோசித்தார். “போன வருஷம் யாரு ஜெயிச்சாங்க அக்கா?”

“வடகரை.”

“அதுக்கு முந்தி?”

“மேல்கரை.”

“அடுத்த வருஷம்?”

“நடுக்கரை,” என்றாள் உமையாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. குரு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“இந்த வருஷம்?”

“எங்க முறை,” என்றாள் மெதுவாக.

இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஐந்து நாட்டுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து, தீர்ப்புச் சொல்ல உட்காருகிற ஒவ்வொருவரும் பாடுகிற யாருக்காவது சம்பந்தியோ மச்சானோ ஆகிவிட்டார்கள். சம்பந்தியைத் தோற்கடித்துவிட்டு மறுநாள் அவர் வீட்டுக் கல்யாணத்தில் போய் எப்படிச் சாப்பிடுவது? போன தடவை அவர்களுக்குக் கொடுத்தோம், இந்தத் தடவை இவர்களுக்குக் கொடுப்போம் என்று நல்ல மனசோடுதான் ஆரம்பித்தது. பந்தியில் பாயசம் வருகிற மாதிரி இப்போது வரிசையாக வந்துகொண்டிருந்தது.

“முறைன்னு தெரிஞ்சும் ஏன் அக்கா இத்தனை கஷ்டப்பட்டுப் பாட்டுக் கட்டறீங்க?”

உமையாள் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். கோபம் எங்கேயோ போய்விட்டது.

“போன தடவை எங்க முறை வந்தப்பவும் நான்தான் பாடினேன் சாமி. பாடறதுக்கு முந்தி தண்ணி குடிக்கப் பந்தலுக்குப் பின்னாடி போனேன். ஒரு கூடையில செவ்வரளி மாலையைக் கட்டி, ஈரத்துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க. ஒரே மாலை. செவ்வரளி எங்க நாட்டுப் பூ.”

“அப்புறம்?”

“பாடினேன். மாலையைப் போட்டாங்க. நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்தப் பாட்டு நெசமாவே நல்லா இருந்துச்சா இல்லையான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.”

“வயல்ல பாடினாங்களே?”

“ஒரு வருஷம் பாடினாங்க. முறை முடிஞ்சதும் விட்டுட்டாங்க. பாடினது பாட்டுக்காகவா முறைக்காகவான்னு யாரைப் போய்க் கேக்கறது? இந்தத் தடவையும் அதேதான் நடக்கும். தெரிஞ்சும் அந்த மாலை வேணும்னு இருக்கு. வெக்கமா இருக்கு சாமி.”

கொல்லையிலிருந்து உப்புத்தீவின் தூதன் வந்தான். பெயர் கோரன். வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதன். ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தவனைக் குரு கூப்பிட்டார்.

“ஐயா, கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்களேன். இந்த அக்காவுக்குப் பாட்டுன்னா உசிரு.”

கோரன் கூச்சப்பட்டான். “வலை இழுக்கும் பாட்டுத்தான் தெரியும்.”

“அதையே பாடுங்க.”

குந்தி உட்கார்ந்து பாடினான். குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் இரண்டாவது அடி வந்ததும் உமையாள் நிமிர்ந்துவிட்டாள். நாற்று இருந்த இடத்தில் வலை இருந்தது, வரப்பு இருந்த இடத்தில் கரை இருந்தது. மெட்டு அவளுடையது. அந்தச் செவ்வரளி மாலைக்குப் பாடிய அதே பாட்டு.

மூன்றாவது அடியில் ஓர் இடம் அவளுக்குக் கடைசிவரை படியவே இல்லை. பல நாள் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, ஓர் ‘ஏலேலோ’வைப் போட்டு ஒப்பேற்றியிருந்தாள். கோரன் அங்கே ஏலேலோ போடவில்லை. வாயை மூடிச் சற்றே நிறுத்தினான். பிறகு அடித்தொண்டையிலிருந்து எடுத்தான். பாட்டு எழுந்து நின்றது.

“இதை எங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாள்.

“நெல் ஏற்றி வரும் படகுக்காரர்கள் பாடினார்கள் அம்மா, சில வருஷம் முன்பு. இந்தக் கரையில் யாரோ கட்டிய பாட்டு என்றார்கள். இது இல்லாமல் எங்கள் ஊரில் வலை கரைக்கு வராது. கட்டியவர் இருந்தால் அவர் எதிரில் நின்று பாட வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஆசை. அதற்குத்தான் வருகிறோம் என்றோம்.”

ஏன் வருகிறார்கள் என்று அவள் அதுவரை கேட்கவே இல்லை.

“நடுவுல நிறுத்தறீங்களே. அது யார் போட்டது?”

“யாரும் போடவில்லை. அந்த இடத்தில் மூச்சு வேண்டும்.”

உமையாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யார் முறை என்று பார்க்காமல், யார் சம்பந்தி என்று பார்க்காமல், கேட்டதும் பிடித்துப்போய் அவள் பாட்டைக் கடல் கடந்து கொண்டுபோயிருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்த்திருக்கிறார்கள். அவளால் ஆகாததையும் செய்து கொடுத்திருக்கிறார்கள். எழுந்துபோய் அவனைக் கும்பிட்டாள்.

“ரொம்ப நன்றி ஐயா. நல்லா இருக்கணும் நீங்க எல்லாரும்.”

எதற்கென்று தெரியாமல் கோரனும் ஈரக்கையோடு கும்பிட்டான். பிறகு மூட்டை கட்ட உள்ளே போனான்.

அவன் போனதும் உமையாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சாமி, அவங்க வந்தா நான் தோத்துருவேன்.”

“தோக்கலாம்.”

“தோக்கலாமெல்லாம் இல்லை. அந்த ஒரு இடம் போதும். நிச்சயம் தோத்துருவேன்.”

“சரி அக்கா.”

“இருந்தாலும் வரச்சொல்லத்தான் போறேன். அத்தனை பேரும் சேர்ந்து பாடி நான் அதைக் கேக்கணும். ஆனா எங்க நாட்டார் சும்மா விடுவாங்களா? காத்துக் கெடந்து வந்த முறையைத் தூக்கி வெளியாள்கிட்ட குடுத்துட்டு, தோத்துப்போய் வேற வந்து நின்னா, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

குரு கிள்ளிய காயை முறத்திலிருந்து சட்டிக்கு மாற்றினார்.

“இத்தனை வருஷத்துல போட்டின்னு ஒண்ணு நடந்து, அதுல தோத்த முதல் ஆள் நான்தான்னு சொல்லுங்க,” என்றார்.