பத்தாயத்தில் அடைத்த அறிவு

ராஜாக்களுக்குக் கோபமும் யோசனையும் ஒரே நேரத்தில் வந்துகொண்டிருந்த முன்னொரு காலத்தில், ஏழு மதகுள்ள ஏரியின் கீழே ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவர் சேந்தன் மகாராஜா. அவர் சபையில் விகடம் பேசிப் பிழைத்தவர் பிச்சாண்டி.

ஓர் ஐப்பசியில் மழை கொட்டி ஏரி தளும்பியது. எந்த மதகை எப்போது திறப்பது என்று அறிந்தவர் மடைக்காரர் குப்பாண்டி ஒருவர்தான். அவரோ மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு மதகைத் திறக்க, தண்ணீர் நேரே அரண்மனைக்குள் வந்தது. மகாராஜா சிம்மாசனத்தின் மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது.

வெள்ளம் வடிந்ததும் சபை கூடியது.

"ஒருவன் ஊருக்குப் போனால் அரண்மனையே மிதப்பதா?" என்று சீறினார் மகாராஜா. "இந்த அரண்மனையின் அறிவு முழுவதும் இனி ஒரே பெட்டியில் இருக்க வேண்டும். வேண்டும்போது திறந்து எடுத்துக்கொள்வேன்!"

தலைமை மந்திரியான பிரதானி உலகளந்தார் எழுந்தார். பிச்சாண்டி பேசி மகாராஜா சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

"அருமையான ஆணை, மகாராஜா! இதைச் செய்ய வல்லவர் நம் பிச்சாண்டி ஒருவரே. பத்து நாளில் முடிக்கட்டும். இல்லையேல் ராஜ்ஜியத்தை விட்டுப் போகட்டும்."

மகாராஜா தலையசைத்தார். பிரதானி அங்கேயே ஓலை எழுதி முத்திரை வைத்தார்: 'அரண்மனை அறிவு அனைத்தையும், ஒன்றும் மிச்சம் வைக்காமல், ஒரே பெட்டியில் அடைக்க வேண்டியது.'

பிச்சாண்டி எழுத்தாணியோடு புறப்பட்டார். மடைப்பள்ளித் தலைவர் வரதன் கரண்டியை ஓங்கினார். "என் ரசத்துல என்ன போடுறேன்னு சொல்லிட்டா, நாளைக்கு என் அடுப்புல வேற எவனாச்சும் நிப்பான். போய்யா!"

யானை வைத்தியர் பரமன் பொறுமையாகச் சொன்னார்: "எங்கப்பா சாகும்போதுதான் எனக்குச் சொன்னாரு. நானும் சாகும்போது சொல்றேன். அப்ப வா."

குப்பாண்டிக்கு ஒளிக்க ஆசை இல்லை. ஆனால் தலையைச் சொறிந்தார். "எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. மதகுகிட்ட நின்னா கை தானாப் போவும்."

ஓலை அறையைக் காத்த பிரதானியோ சிரித்தே விட்டார். "எந்தச் சுவடி எங்கே என்பதெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. தலையை வேண்டுமானால் எடுத்துப் போமே!"

ஒன்பது நாள் ஓடிவிட்டது. வீட்டில் மனைவி மங்களவல்லி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஓலைகூட நெறையல. எங்க அண்ணன் வீட்டுல போய் என்னத்தச் சொல்றது?"

பிச்சாண்டி பாத்திரங்கள் மூட்டைக்குள் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிரதானி சொன்னதுதான் மனதில் சுற்றியது. தலைக்குள் இருக்கிறது, தலைக்குள் இருக்கிறது... சட்டென்று எழுந்தார்.

"அந்த முடிச்ச அவுத்து வையி!"

மறுநாள் மகாராஜாவை நெற்களஞ்சியத்துக்கு அழைத்துவந்தார். அங்கே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மரப் பத்தாயம் நின்றது. வெள்ளத்தில் நனைந்த நெல்லைக் காய வைக்க அதைக் காலி செய்திருந்தார்கள். ஏணி தயாராக இருந்தது.

"மகாராஜா, பெட்டி இதோ. அறிவு இவர்கள் தலையில் இருக்கிறது. தலை தனியாக வராது என்பதால் ஆளோடு அடைக்கிறேன்."

ராஜ ஆணை ஆயிற்றே! வரதனும் பரமனும் குப்பாண்டியும் ஏறி உள்ளே இறங்கினார்கள். பிரதானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"பிரதானி அவர்களும் ஏற வேண்டும்," என்றார் பிச்சாண்டி.

"நானா?"

"'ஒன்றும் மிச்சம் வைக்காமல்' என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். தங்களிடம் அறிவு ஏதும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தாராளமாக வெளியே நிற்கலாம்."

பிரதானி மகாராஜாவைப் பார்த்தார். மகாராஜா உத்தரத்தைப் பார்த்தார். பிரதானி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"சரி, உள்ளிருப்பதை எடுப்பது எப்படி?" என்றார் மகாராஜா.

"நெல்லை எடுப்பது போலத்தான்." பிச்சாண்டி பத்தாயத்தின் அடியிலிருந்த சின்னக் கதவைத் திறந்தார். வரும் பதில்களை எழுதிக்கொள்ள, பக்கத்தில் எழுத்தர்களை உட்கார வைத்தார்.

முதலில் மடைப்பள்ளி ஆட்கள் ஓடிவந்தார்கள். ரசம் கொதிக்கிறது, அடுத்து என்ன போடுவது? "கொதிக்க விடாதேடா பாவி! நுரை கட்டினதும் எறக்கு!" என்று கதவு வழியே அலறினார் வரதன். யானை கவளத்தைத் தொடவில்லை என்று பாகன் வந்தான். "வயித்தத் தட்டிப் பாரு. கும்முனு கேட்டா ஓமத்த அரைச்சுக் குடு," என்றார் பரமன். சாக மறந்துவிட்டார்.

ஏரியிலிருந்து ஆள் வந்தான். "மேக்கே இடி இடிக்குதுங்க!"

"அப்ப ரெண்டாவது மதகு, ஒரு சாண் தொற. ஆறாவதத் தொடாதே, அதுதான் அரண்மனைக்கு வர்ற வாய்க்கா," என்றது குப்பாண்டியின் குரல்.

"இவ்வளவுதானா?" என்றார் மகாராஜா.

"இப்பத்தானுங்க சரியாக் கேட்டாங்க," என்றது பத்தாயம்.

உச்சிப்பொழுதில் அண்டை நாட்டுத் தூதர் வந்து எல்லை ஒப்பந்த ஓலையைக் கேட்டார். அது இருக்கும் இடத்தைப் பிரதானிதான் சொல்ல வேண்டும். பிச்சாண்டி கதவருகே குனிந்தார். உள்ளிருந்து பிரதானியின் மெல்லிய குரல் கேட்டது.

"இடத்தைச் சொல்லிவிட்டால், அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள், பிச்சாண்டி?"

தன்னை ஊரைவிட்டு விரட்டப் பார்த்தவர்தான். ஆனாலும் பிச்சாண்டிக்கு மனசு இளகியது.

"ஓலையை யாரும் எடுத்துத் தரலாம் ஐயா. தூதர் எதிர்வாதம் பேசினால் பதில் சொல்ல நீங்கள்தானே வேண்டும்?"

பெருமூச்சு ஒன்று வந்தது. "வடக்குச் சுவர்... மூன்றாம் தட்டு... மாவடு ஜாடிக்குப் பின்னால்."

"ஓலை அறையில் மாவடுவா?" என்றார் மகாராஜா.

"அடப்பாவி! ஆறு மாசமா அந்த ஜாடியத்தான் தேடுறேன்!" என்று உள்ளிருந்து கத்தினார் வரதன். பத்தாயமே குலுங்கியது.

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று, தரையில் காயப்போட்டிருந்த நெல்லில் விழுந்தது. முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். ஒவ்வொரு தலைவரும் இனி இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்தி வேலை செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார்.

உமி படிந்த மீசையோடு பிரதானி இறங்கிவந்தார்.

"வேறு எதை எங்கே வைத்திருக்கிறீர், பிரதானி?"

"எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன், மகாராஜா. வரதன் முன்னால் மட்டும் கேட்காதீர்கள்."

மகாராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். இந்த முறை பிரதானியும் சிரித்துவிட்டார்.