அதிகாரி எடுத்த படம்

மீன் விற்கும் பெண்களுக்கு மாலையில் எழுத்தறிவு வகுப்பு எடுத்த மரியபுஷ்பத்திடம் ஒருநாள் கல்வி அதிகாரி தணிகாசலம் புரொஜெக்டரோடு வந்து இறங்கினார்.

"நான் பேசி, நானே எடுத்த பாடப் படம். முடியிற வரைக்கும் ஒருத்தர் கண்ணும் சுவரை விட்டு விலகக் கூடாது. விலகினா நாளைக்கே வகுப்புக்குப் பூட்டு."

விடியலில் எழுந்து கூடை சுமந்தவர்கள் இரண்டு மணி நேரப் பேச்சுக்கு எப்படி முழித்திருப்பார்கள்? புஷ்பத்துக்குச் சுள்ளென்று ஏறியது. அடக்கிக்கொண்டாள்.

"கண்ணு சுவர்ல இருந்தா வகுப்பு நடக்கும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது சார்."

"மாறாது."

"அப்ப இவங்க முகத்தைப் பார்த்த மாதிரி உட்காருங்க. நீங்களே கவனிச்சுக்கலாம்."

உட்கார்ந்தார். படம் ஓடியது. தன் குரலே தாலாட்ட, கால் மணி நேரத்தில் அவரே தூங்கிப்போனார். புஷ்பம் படத்தை நிறுத்திவிட்டுத் தன் போனை புரொஜெக்டரில் மாட்டி, கேமராவை அவர் பக்கம் திருப்பினாள். சுவர் நிறையத் தணிகாசலம், வாய் திறந்தபடி. அதற்குக் கீழே கரித்துண்டால் பெரிதாக எழுதினாள்.

"கு… ற… ட்… டை" என்று எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள்.

சத்தத்தில் அதிகாரி விழித்தார். அத்தனை கண்ணும் சுவரில்.

"பார்த்தியா? என் படம்னா சும்மாவா" என்றபடி திரும்பினார். சுவரில் அவரும் திரும்பினார்.

"அதை அணைம்மா."

"வகுப்பு நடக்கும்ல சார்?"

"நடக்கும், நடக்கும்."

"இனிமே என்ன படம் போடுறதுன்னு நாங்களே பார்த்துக்குறோம்." அவள் கை இன்னும் போன் பக்கம் போகவில்லை.

"சரிம்மா, உங்க இஷ்டம்."

அப்புறம்தான் அணைத்தாள். அதுக்குள்ள படம் முடிஞ்சுபோச்சே என்று வகுப்பே பெருமூச்சு விட்டது.