கைப்பேசிக்குள் வந்த புதுக் கண்ணாடி

ஒரு கைப்பேசிக்குள் ஒரு குடும்பம் குடியிருந்தது. பேட்டரிதான் அங்கே பெரியவர். மைக், ஸ்பீக்கர், கேமரா என்று மற்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு அவரோடு வாழ்ந்தார்கள். வாசலில் நின்று வெயிலையும் விரல்களையும் தாங்கியது கண்ணாடி. ஒரு நாள் அந்தக் கண்ணாடி நொறுங்கிப் போயிற்று.

அதன் இடத்துக்குக் கூரியரில் ஒரு புதுக் கண்ணாடி வந்து இறங்கியது. தனக்கு எப்படிப்பட்ட இடம் வாய்க்கப்போகிறதோ என்று வழியெல்லாம் அதற்கு ஒரே கவலை.

உறையைப் பிரித்தவன் நந்தகுமார். போன் அவன் மனைவி கோகிலாவுடையது.

“கடையில குடுத்தா எப்படி உடைஞ்சுது, என்னாச்சுன்னு ஆயிரம் கேள்வி கேப்பான். நானே மாத்திடறேன்,” என்றான். கோகிலா சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, அவன் கேட்டபடி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையை இழுத்து ஒரு பக்கக் கன்னத்தை மறைத்திருந்தாள்.

நந்தகுமார் தன் போனில் வீடியோவை ஓடவிட்டு அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தான். தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஓரங்களைச் சூடாக்கி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை உள்ளே நுழைத்தான். கடுகு போன்ற திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் செய்தான்.

புதுக் கண்ணாடிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “என்ன பதமான கை! இவரு கையில இருந்தா எனக்கு ஒரு கீறல்கூட விழாது,” என்றது.

மற்றவர்கள் பேட்டரியின் பக்கம் திரும்பினார்கள்.

“எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு என்னாச்சு?”

“கை தவறி விழுந்துருச்சு,” என்றார் பேட்டரி அவசரமாக. “இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். நீயும் அப்படியே சொல்லிக்க.”

செய்தித்தாளின் மேல் பழைய கண்ணாடி கிடந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வெடித்து, நடுவில் கறுப்பு மை பரவியிருந்தது. அது மெல்லப் பேசியது.

“நான் விழலை. எறிஞ்சாங்க.”

“யாரு?”

“இப்ப உன்னைப் பதமாத் தூக்குறாரே, அவருதான். அவ அவங்கம்மாகிட்டப் பேசிட்டிருந்தா. ‘என் மேல என்னடி கோள் சொல்றே’ன்னு பிடுங்கி அவ மேலேயே வீசினாரு. நான் அவ முகத்துல பட்டுட்டு அப்புறம்தான் சுவத்துல பட்டேன். உடைஞ்சது போகட்டும். அவ கன்னத்தைக் கிழிச்சது என் ஓரந்தான். அதுதான் எனக்கு ஆறலை.”

புதுக் கண்ணாடி மற்றவர்களைப் பார்த்தது. “உங்களுக்கெல்லாம் தெரியுமா?”

“சத்தம் கேட்டுச்சு,” என்று முனகியது மைக். “கேட்டதை யார்கிட்டச் சொல்றது? யாராவது கேட்டாத்தானே சொல்ல முடியும்?”

“நான் அன்னைக்குத் தொறந்தே இல்லை,” என்றது கேமரா.

“நல்லாருக்கிற வீட்டை நாமளே கெடுக்கக் கூடாது,” என்றார் பேட்டரி. “அவரும் வருத்தப்படறாருல்ல? இல்லாட்டி இவ்வளவு மெனக்கெட்டு உன்னை வரவழைச்சு மாட்டுவாரா?”

நந்தகுமார் பழைய கண்ணாடியைச் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டான். சுருள்வதற்கு முன்னால் அது ஏதோ சொல்ல வந்தது. தாள் நசுங்கும் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

புதுக் கண்ணாடியைப் பொருத்தி, பசை பிடிக்க ரப்பர் பேண்டுகளைச் சுற்றி வைத்தான். மாலையில் அவற்றை அவிழ்த்து போனை இயக்கினான். பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

“பாத்தியா கோகி? ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆயிருச்சு.” போனை அவள் கையில் கொடுத்தான். “யாராச்சும் கேட்டா என்ன சொல்லணும்?”

“கை தவறிருச்சுன்னு.”

“சமத்து,” என்று தலையைத் தடவிவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

அப்போதுதான் போன் அடித்தது. கோகிலாவின் அம்மா சம்பூர்ணம் தன் ஊரான கோபியிலிருந்து கூப்பிட்டாள். கோகிலாவால் போனைக் கன்னத்தில் வைக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டாள்.

“ஏன் கண்ணு போனே போக மாட்டேங்குது? அன்னைக்குப் பேசிட்டு இருக்கறப்பவே கட்டாயிருச்சு. ஒரே பதட்டமாப் போச்சு எனக்கு.”

“கை தவறிக் கீழே விழுந்துருச்சும்மா. கண்ணாடி ஒடைஞ்சுபோச்சு. இப்பத்தான் அவரு மாத்திக் குடுத்தாரு.”

“போனாப் போகுது விடு. உனக்கு ஒண்ணுமில்லையே?”

கோகிலா முந்தானையைக் கன்னத்திலிருந்து விலக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இல்லைம்மா.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“சளி புடிச்சிருக்குதும்மா.”

சொல்லும்போதே ஒரு சொட்டுக் கண்ணீர் கன்னத்துக் காயத்தைத் தொட்டுக்கொண்டு இறங்கிப் புதுக் கண்ணாடியின் மேல் விழுந்தது. விழுந்த இடம் வீடியோ பொத்தான்.

தண்ணீர் எது, விரல் எது என்று கண்ணாடிக்குத் தெரியும். அதன் பிழைப்பே அதுதான்.

“அது வெறும் தண்ணி. பேசாம இரு,” என்று எச்சரித்தார் பேட்டரி.

“தெரியுது,” என்றது கண்ணாடி. அந்தச் சொட்டை விரல் என்றே எடுத்துக்கொண்டது.

கேமரா நடுங்கியது. “நான் என்னத்தைக் காட்டறது?”

“இருக்கறதைக் காட்டு.”

அந்தப் பக்கம் சம்பூர்ணம், வீடியோவுக்கு மாறலாமா என்று அவள் போன் கேட்டதும், எப்போதும்போல் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவளுடைய திரையில் மகளின் முகம் வந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கிடந்தது. அதற்குக் கீழே கன்னம் நீலமாகக் கன்றி, நடுவில் ஒரு வெட்டு.

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அம்மாவின் முகம் திரையில் தெரிந்த பிறகுதான் கோகிலாவுக்கு நடந்தது புரிந்தது. பதறிப்போய் அணைக்கும் பொத்தானைத் தேடினாள்.

“கட் பண்ணாத கோகி,” என்றாள் சம்பூர்ணம். “அப்படியே புடிச்சுக்க.”

கோகிலாவின் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு பொத்தானைத் தொடாமல் மெல்லக் கீழே இறங்கியது.

குளியலறைத் தாழ்ப்பாள் திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே வந்த நந்தகுமார் மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். திரையில் மாமியாரைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தான். சட்டென்று சிரித்துக்கொண்டான்.

“அட, அத்தைங்களா? டிஸ்ப்ளே நானே மாத்துனேனுங்க. எப்படி, தெளிவாத் தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுதுங்க மாப்ள,” என்றாள் சம்பூர்ணம். “இப்பத்தான் தெரியுதுங்க. எங்கேயும் போயிராதீங்க. பொறப்பட்டு வந்துட்டே இருக்கறேன்.”